ஆள் நிற்கும் இடம்

"ரோடு மூடியிருக்குது அக்கா. அதனாலதான் ஆம்புலன்ஸ் பாதியிலயே திரும்பிருச்சு" என்றது தொலைபேசியில் வந்த பெண் குரல்.

தவமணி சாலையைப் பார்த்தாள். பாமீர் மலைச்சரிவில் வெட்டிய அந்தச் சாலை வளைந்து வளைந்து கீழே இறங்கி மேகத்துக்குள் மறைந்தது. ஈ காக்கை இல்லை.

"ஏனுங்க, நான் ரோட்டு மேலதானுங்க நிக்கறேன். தொறந்துதான் கெடக்குது. யாரு மூடுனாங்க?"

"நீங்க கண்ணால பார்க்கிறது வேற அக்கா. தடத்துல மூடியிருக்கு."

தடம் என்றால் என்னவென்று தவமணிக்குத் தெரியாமல் இல்லை. அது தெரியாமல் இந்தக் காலத்தில் யாரும் வண்டியைத் தெருமுனைக்குக்கூட எடுக்க முடியாது. ஒரு வண்டி போகும்போது அதன் சக்கரமும் கேமராவும் அறிந்துகொண்டதை அடுத்த வண்டிக்குச் சொல்லும். அது அதற்கடுத்த வண்டிக்குச் சொல்லும். இப்படி உலகத்து வண்டிகளெல்லாம் சேர்ந்து, எந்தச் சாலை எப்படி இருக்கிறதென்று ஒரே நினைவாக வைத்திருந்தன. தடம் நல்லது என்று சொன்ன சாலையில் லாரிகள் ஓட்டுநர் இல்லாமல் பறந்தன. மூடியது என்று சொன்ன சாலைக்குள் எந்த வண்டியின் ஸ்டியரிங்கும் திரும்பாது. ஆம்புலன்ஸானாலும் அப்படித்தான்.

பேசிய பெண்ணின் பெயர் பெனாசிர். கோயம்புத்தூரில், தடத்தின் உதவி அலுவலகத்தில் இருந்தாள். முன்பின் பார்த்திராத மலைகளுக்கும் பாலைவனங்களுக்கும் அங்கே உட்கார்ந்தபடி பதில் சொல்வது அவள் வேலை. தமிழ்க் குரலைக் கேட்டதும் தவமணிக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது. இப்போது அந்தப் பாதியும் போய்க்கொண்டிருந்தது.

லாரியின் பின்னால் கட்டிய சின்ன அறைக்குள் அவள் கணவன் குழந்தைவேல் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. காலையிலிருந்து இருமலோடு இளஞ்சிவப்பாக நுரை வந்தது. உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். கீழே இறக்கினால் பிழைப்பான், மேலேயே வைத்திருந்தால் பிழைக்கமாட்டான். ஆக்ஸிஜன் உருளை தீர்ந்துவிட்டது. மேகம் இறங்கிவிட்டதால் பறந்து வரும் எதுவும் வராது.

சங்ககிரியிலிருந்து லிஸ்பன் வரை, ஆசியாவையும் ஐரோப்பாவையும் கையால் ஓட்டிக் கடப்பது என்று கிளம்பியவர்கள். கையால் ஓட்டும் வண்டிகளுக்கு அடுத்த வருடத்திலிருந்து எல்லை தாண்ட உரிமம் இல்லை என்று அறிவிப்பு வந்ததும், குழந்தைவேலும் அவனுடைய கூட்டாளி நல்லதம்பியும் பழைய லாரி ஒன்றை வாங்கி, நாமக்கல்லில் பாடி கட்டி, வீடாக்கினார்கள். தவமணிக்கு வழி பார்க்கும் வேலை. எந்த ஊரில் டீசல், எந்தக் கணவாயில் பனி என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்துத்தான் சொல்வாள். சொன்ன பிறகும் சரியாகத்தான் சொன்னோமா என்று மனசுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். இந்த உயரத்துக்கு மெதுவாக ஏற வேண்டும், இடையில் ஒருநாள் தங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். "பனி வருதுன்னு நீதானே சொன்ன? போயிரலாம் தவம்" என்று குழந்தைவேல் சொன்னான். அவளும் சரி என்றாள்.

"யாரு மூடுனது, எதுக்கு மூடுனது? அதையாச்சும் சொல்லுங்க" என்றாள் தவமணி.

"இருங்க பார்க்கிறேன்..." விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "நேத்து ஒரு லாரி வரிசை மேலேயிருந்து வந்து படம் அனுப்பியிருக்கு. ரோட்டுல கல்லு. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா பெரிய பெரிய கல்லு. மலைச்சரிவுல ரோட்டு மேல கல்லு கிடந்தா தடத்துக்கு ஒரே அர்த்தம்தான். மலை சரியுதுன்னு மூடிருச்சு."

தவமணியின் கண் தானாக நல்லதம்பி பக்கம் போனது.

அவன் லாரிக்குப் பின்னால், தானே அடுக்கிய கற்களின்மேல் உட்கார்ந்திருந்தான். அங்கே சாலைக்குக் கீழே பனி உருகிய தண்ணீர் போக ஒரு சின்னப் பாலம் இருந்தது. தண்ணீர் உள்ளே இருந்த மண்ணையெல்லாம் தின்றுவிட்டு, இடது பாதியில் தார்த் தோலை மட்டும் விட்டுவைத்திருந்தது. லாரியின் பின்சக்கரம் அதில் பொத்தென்று இறங்கியது. நல்லதம்பி வெட்டி இழுத்து வெளியே கொண்டுவந்துவிட்டான். ஆனால் இழுத்த இழுப்பில் ஆக்ஸில் உடைந்தது. வண்டி கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. இறங்கியதும் அவன் செய்த முதல் வேலை, ஊரில் எந்த லாரிக்காரனும் செய்கிற வேலைதான். வண்டிக்குப் பின்னால் ஒரு வரிசை, முன்னால் ஒரு வரிசை, குழியைச் சுற்றி ஒரு வரிசை என்று கல் வைத்தான். ஒடித்துச் சொருகப் பச்சைக்கிளை வேண்டும். அந்த மலையில் புல்கூட இல்லாததால் அதற்கும் சேர்த்துக் கல்லாகவே வைத்தான். மூச்சு வாங்க வாங்கச் சரிவிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தான்.

அந்த லாரி வரிசை வந்ததும் மூவருக்கும் நினைவிருந்தது. தூரத்திலேயே நின்றது. சற்று நேரம் பார்த்தது. பிறகு வளைவு வரைக்கும் பின்னோக்கியே போய்த் திரும்பிக்கொண்டது. மூவரும் கையை ஆட்டினார்கள். "போயி ஆளக் கூட்டிக்கிட்டு வரும் பாரு" என்று நல்லதம்பிதான் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு வண்டிகூட வரவில்லை.

தவமணி விஷயத்தைச் சொன்னாள். நல்லதம்பி எழுந்து நின்றான். முகம் செத்துப்போனது.

"அடப் பாவமே... கல்லு வெக்காம எப்புடிங் தங்கச்சி? பின்னால வர்றவன் வந்து குழியில உட்டான்னா? நான் நல்லதுக்குத்தானே வெச்சேன்."

"உங்களக் குத்தம் சொல்லுலீங்கண்ணா. எடுத்துப்போடலாம் வாங்க."

இருவருமாகக் கற்களை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் தள்ளினார்கள். நல்லதம்பி ஒரு கல்லுக்கு ஒரு தடவை தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டான். சாலை துடைத்துவிட்டதுபோல் ஆனதும் தவமணி மறுபடி பெனாசிரை அழைத்தாள்.

"எடுத்தாச்சுங்க. இப்பத் தொறங்க."

"நான் திறக்க முடியாதுக்கா. திறக்கிறதுக்குத் தடம் ஆள் பேச்சை நம்பாது. நல்லாயிருக்குன்னு சக்கரம்தான் சொல்லணும். ஒரு வண்டி அந்த ரோட்டுல உருண்டு இறங்கினா அதுவே திறந்துக்கும்."

"எந்த வண்டியும் இதுக்குள்ள வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"ஆமா..." பெனாசிரின் குரல் இறங்கியது. "அப்படித்தான் வச்சிருக்காங்க. உங்க வண்டி உள்ளேயே இருக்கே, அதோட சக்கரம் சொன்னாலும் போதும். அது நகராதா?"

நல்லதம்பி இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். உடைந்த ஆக்ஸிலை உருவிப் போட்டுவிட்டால் சக்கரம் சும்மா சுற்றும். இறக்கத்தில் விட்டால் வண்டி தானாக உருளும். கியர் பிடிக்காது, பிரேக் ஒன்றுதான் துணை. இந்த இறக்கத்தில் பிரேக் சூடேறி விட்டுவிட்டால் வண்டி நேராகப் பள்ளத்துக்குப் போகும். அதனால்தான் நேற்று அந்தப் பேச்சையே அவன் எடுக்கவில்லை.

"உட்டுட்டு உட்டுட்டுப் புடிச்சா எறக்கிப்போடலாம்" என்றான் இப்போது. "கீழ எறங்கினா மாப்ளைக்கும் மூச்சு வரும். ஆம்புலன்சும் எதுக்க வந்துரும். ஆனா தங்கச்சி..." அவன் குழியைக் காட்டினான். "ரோடு தொறந்தா ரெண்டு பக்கமுந்தானே தொறக்கும்? மேலிருந்து அந்த லாரிக வருமே?"

கற்கள் இல்லாத அந்தக் குழி இப்போது ஒரு அண்டா வாய் அகலத்துக்குச் சாதுவாகத் தெரிந்தது. ஆளில்லா லாரிக்கு அது சின்னக் குழி. சக்கரத்துக்கு நடுவே விட்டுத் தாண்டப் பார்க்கும். சுற்றிலும் வெறும் தோல் என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு லாரி வரிசையிலும், சட்டத்துக்காக, முதல் லாரியில் ஒரு காவலாள் உட்கார்ந்திருப்பான்.

தவமணி தொலைபேசியில் தொடங்கினாள். "இங்க ஒரு கு..."

"அக்கா, நிறுத்துங்க" என்றாள் பெனாசிர் அவசரமாக. "பேச்செல்லாம் பதிவாகுது. ரோட்டுல கெட்டது எதையாவது நீங்க என்கிட்ட சொன்னா நான் பதிஞ்சாகணும். பதிஞ்சா மறுபடி மூடிரும். ரிப்பேர் வண்டி வர்ற வரைக்கும் மூடித்தான் இருக்கும். அது எப்ப வரும்னு கேட்காதீங்க."

"அப்ப நான் என்ன பண்றது, சொல்லுங்க."

 பெனாசிர் பாடம் ஒப்பிப்பதுபோல் மெதுவாகச் சொன்னாள். "பொதுவாச் சொல்றேன். ரோட்டுல கல்லு இருந்தா மூடும். மாடு இருந்தா கொஞ்ச நேரம் மூடும். மனுஷன் நின்னா மூடாது. வண்டி மெதுவாகும், ஒதுங்கிப் போகும், அவ்வளவுதான். மனுஷனை ரோட்டோட குறையா தடம் எடுத்துக்காது."

தவமணி நல்லதம்பியைப் பார்த்தாள். வண்டியை அவனால்தான் இறக்க முடியும். அப்படியானால் குழியருகே நிற்க ஒரே ஒரு ஆள்தான் பாக்கி.

அறைக்குள் ஏறிக் குழந்தைவேலின் மார்பைத் தொட்டாள். உள்ளே தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம்.

"மாமா, அண்ணன் உங்களக் கீழ கூட்டிக்கிட்டுப் போறாரு. நான் பின்னால வர்றேன்."

"நீ... எதுல வருவ?"

"லாரி வரும். கம்முனு இருங்க. பேசாதீங்க."

அவன் அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

நல்லதம்பி ஆக்ஸிலை உருவிப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டான். லாரி முனகிக்கொண்டே நகர்ந்தது. பிரேக் உஸ் உஸ்ஸென்று மூச்சு விட்டது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. பிறகு மேகம் விழுங்கிக்கொண்டது. வெகுநேரம் வரை அந்த உஸ் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு இடத்தில் அது நின்றபோது தவமணி சாலையின் விளிம்புக்கு ஓடினாள். மறுபடி கேட்டது.

அவள் குழியின் மேற்பக்கம், கெட்டித் தரையில் நின்றாள். காற்று ஊசியாகக் குத்தியது. பனி பொடிப்பொடியாக விழத் தொடங்கியது.

"திறந்திருச்சுக்கா" என்றாள் பெனாசிர். அந்தக் குரல் அழுவதுபோல் இருந்தது. "ஆம்புலன்ஸ் கிளம்பிருச்சு. உங்க வண்டி அடிவாரத்துல நிக்குது, நல்லபடியா."

அதற்கு வெகுநேரம் கழித்து நல்லதம்பி பேசினான். மருத்துவர்கள் மாப்பிள்ளையை ஏற்றிவிட்டார்கள், முகத்தில் ஆக்ஸிஜன் போட்டாயிற்று, தானும் கூடவே போகிறேன் என்றான். "உன்னயக் கேட்டான் தங்கச்சி. நீ வந்துக்கிட்டிருக்கறதாச் சொல்லிப்போட்டேன்."

அந்த நேரத்தில் மேலே வளைவில் வெளிச்சம் தெரிந்தது.

லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்ததுபோல் வந்தன. தவமணி இரண்டு கையையும் விரித்தாள். மனுஷனைக் கண்டால் ஒதுங்கும் என்று பெனாசிர் சொன்னது உண்மைதானா, பனியில் அதற்குக் கண் தெரியுமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஓட வேண்டும்போல் கால் துடித்தது. முதல் லாரி வேகத்தைக் குறைத்து, அவளுக்கு எதிரே வந்து நின்றது.

"தயவுசெய்து விலகி நிற்கவும்" என்றது, முதலில் ஏதேதோ மொழிகளில், கடைசியில் அவள் தொலைபேசியை அடையாளம் கண்டு தமிழில்.

கதவு திறந்து ஒருவன் இறங்கினான். நாற்பது வயது இருக்கும். ஆட்டுத்தோல் தொப்பி, தூங்கிய முகம். எரிச்சலோடு ஏதோ கேட்டான். அவள் அவன் கையைப் பிடித்துக் குழியருகே கூட்டிப்போனாள். கீழே கிடந்த கூர்மையான கல்லொன்றை எடுத்துத் தாரின்மேல் ஓங்கிப் போட்டாள். கல் உள்ளே போய்விட்டது. வெகு ஆழத்தில் தண்ணீரில் விழும் சத்தம் வந்தது.

அவன் தன் லாரியைத் திரும்பிப் பார்த்தான். அதன் பின்னால் நின்ற மற்ற லாரிகளையும் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி, முகத்தை இரண்டு கையாலும் வழித்துக்கொண்டு, என்னவோ முணுமுணுத்தான். தன் நெஞ்சில் கைவைத்து, "தவ்லத்" என்றான்.

"தவமணி."

பெயர்கள் ஒன்றுபோல் தொடங்கியதில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஓடிப்போய்க் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தான். உப்புப் போட்ட தேநீர். அவள் முகம் சுளித்ததைப் பார்த்து இன்னும் சிரித்தான். பிறகு அவளை ஓரமாகத் தள்ளிவிட்டு, குழிக்கு மேற்பக்கம் கெட்டித் தரையில், இடப்பக்கமாக அவனே நின்று, வலப்பக்கமாகப் போ என்று தன் லாரிக்குக் கை காட்டினான். தன்னைச் சாகாமல் காப்பாற்றியவளைக் குளிரில் நிற்கவைக்க அவனுக்கு மனமில்லை.

தொலைபேசி ஒலித்தது.

"அக்கா, ஆம்புலன்ஸ் நின்னிருச்சு."

"எதுக்கு? ஏன்?"

"தடம் ஒரு கேள்வி கேட்குது. ரோட்டுல ஒரே இடத்துல ரொம்ப நேரமா ஆள் நிக்கிறாங்க, வண்டிங்களை ஒதுங்கிப் போகச் சொல்றாங்கன்னு பார்த்திருச்சு. 'இந்த இடத்தில் எப்போதும் ஆள் இருப்பாரா?'ன்னு கேட்குது. இடத்துல இருக்கிறவங்கதான் பதில் சொல்லணும். பதில் வர்ற வரைக்கும் அந்த ரோட்டுல எல்லா வண்டியும் நிக்கும்."

"இல்லைன்னு சொன்னா?"

"ஏன் நிக்கிறாங்கன்னு தோண்டும். மூடிரும்."

"ஆமான்னு சொன்னா?"

"ஆமான்னா ரோடு நல்ல ரோடுன்னே பதிவாகும். ரிப்பேர் பட்டியல்லயே வராது. பாலம் கட்டுறதைவிட ஒரு ஆளை நிறுத்துறது மலிவு இல்லையா... ஆள் போட்டுருவாங்க. இனி எப்பவும் ஒரு ஆள் நிக்கணும்."

"இந்தக் குளிர்லயா? யாரு நிப்பாங்க?"

"தெரியலக்கா. யாராச்சும்."

கீழே எங்கோ, மேகத்துக்கு அப்பால், ஒரு வண்டிக்குள் குழந்தைவேல் நின்றுகொண்டிருக்கும் சக்கரங்களின்மேல் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். தவமணி எதையும் இரண்டு தடவை யோசிப்பவள். இந்தத் தடவை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

"ஆமான்னு போடுங்க."

தவ்லத் அவளைப் பார்த்து, என்ன ஆச்சு என்று புருவத்தால் கேட்டான். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவனும் மகிழ்ச்சியோடு கட்டைவிரலை உயர்த்தினான்.

"நகர்ந்திருச்சு, ஆம்புலன்ஸ் நகர்ந்திருச்சுக்கா" என்றாள் பெனாசிர்.

தவ்லத்தின் மணிக்கட்டில் இருந்த கருவி கீச்சிட்டது. அவன் அதைப் படித்தான். யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்ததுபோல் சிரித்தான். மறுபடி படித்தான். பிறகு லாரியின் கதவை நோக்கி விரைந்து நடந்தான். கதவு அவனுக்குத் திறக்கவில்லை. கையால் தட்டினான். குத்தினான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவனுடைய கம்பளியும் தேநீர்க் குடுவையும் இருந்தன.

"பெனாசிர், அவர எடுத்துக்கிச்சா? அந்த ஆள இங்கயே போட்டுருச்சா?"

"பக்கத்துல இருக்கிற ஆளைத்தான் முதல்ல போடும்..."

"வேண்டாம். நான் நிக்கறேன். என்ற பேரப் போடுங்க."

"உங்களை எடுத்துக்காதுக்கா. உங்களுக்கு அந்த நாட்டுல வேலை செய்ய அனுமதி இல்ல. அவருக்கு இருக்கு."

தன்னை எடுத்துக்கொள்ளாது என்று கேட்டபோது தன் நெஞ்சு ஆறியதைத் தவமணி அறிந்தாள். உண்மையாகத்தான் கேட்டோமா, எடுத்துக்கொள்ளாது என்ற தைரியத்தில் கேட்டோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

தவ்லத் தட்டுவதை நிறுத்தினான். கருவியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, மெல்ல நடந்து வந்து குழியருகே நின்றான். ஊரில் அவனுக்கும் யாராவது இருப்பார்கள். அவன் அவளை நோக்கி ஏதோ கேட்டான். ஒரே சொல். இரண்டு தடவை கேட்டான். அவளுக்குப் புரியவில்லை.

லாரி பேசியது.

"முன்னிருக்கை ஒன்று காலியாக உள்ளது. சட்டப்படி ஓர் ஆள் தேவை. இந்த வண்டி மருத்துவமனை உள்ள ஊர் வழியாகச் செல்கிறது. ஏறிக்கொள்ளவும்."

கதவு அவளுக்குத் திறந்தது.

அவள் ஏறி, கம்பளியையும் குடுவையையும் எடுத்து அவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். தன் குளிர்ச்சட்டையையும் கழற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். சட்டையின் பைக்குள் அவளுடைய கையுறைகள் இருப்பதைக் கண்டு எடுத்துத் திருப்பித் தந்தான். பிறகு தலையைக் கீழ்நோக்கி அசைத்தான், போ என்பதுபோல்.

தவமணி மறுபடி ஏறி உட்கார்ந்தாள். கதவு தானாக மூடிக்கொண்டது. லாரி மிக மெதுவாக, மரியாதையாக, அவனைவிட்டு ஒதுங்கி வலப்பக்கமாகக் கடந்தது. பின்னால் வந்தவையும் ஒவ்வொன்றாக அப்படியே கடந்தன. கடைசி லாரியும் தாண்டியதும் வரிசை வேகமெடுத்தது.

இருக்கை இன்னும் அவன் சூட்டோடு இருந்தது.